டிரைவர் பக்கக் கண்ணாடி

டெய்லரம்மாவின் வலது கை முழங்கை வரைக்கும் கார்க் கதவுக்குள் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது; விரல்தான் பார்க்க வேண்டும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் பாதி உரிந்து தொங்கியது. இறங்கியே கிடந்த கண்ணாடியை அவள் புருஷன் கையாலேயே மேலே தூக்கி, நழுவி விழாமல் அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சா சொல்ல மாட்டேனா? தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருந்தா விரல் நழுவுது."

"இல்ல, போல்ட்டு உள்ள விழுந்துடப் போகுதுன்னு..."

"ஊசியில நூல் கோக்கிற கை இது. உங்க கை மாதிரி முறம் இல்ல."

டிரைவர் சிரித்துக்கொண்டே தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முறம்தான். காலையிலிருந்து அந்தக் கையைக் கதவு ஓட்டைக்குள் நுழைக்கப் பார்த்து, புறங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான், தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு அவள் எழுந்து வந்தாள். தள்ளுங்க, ஆம்பளைங்களுக்கு எதையும் மெதுவாத் தொடத் தெரியாது என்றாள்.

கடைசி போல்ட்டு சுழன்று அவள் விரல் நுனிக்கு வந்தது. மோட்டாரைப் பிடித்து வெளியே இழுக்கும்போது தகரத்தின் விளிம்பு மணிக்கட்டுக்குக் கீழே சுருக்கென்று கீறியது. "ஸ்ஸ்" என்றாளே தவிர மோட்டாரை விடவில்லை. அது வெளியே வந்த பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ, விட்டுடு, நான் பார்த்துக்கறேன்."

"என்னத்தப் பார்ப்பீங்க? ஒரு துணி எடுத்துட்டு வாங்க. உள்ள கிழியல் துண்டு நெறைய கிடக்கு. புதுத் துணியில கை வச்சீங்க, தெரியும் சேதி."

மழை தொடங்கியதிலிருந்து இந்தக் கண்ணாடி அவர்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் சவாரி முடிந்து இறக்கியது இறக்கியதுதான். பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். டிரைவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்து ஜன்னலில் கட்டிக்கொண்டு ஓட்டினார். வேகம் எடுத்தால் அது படபடவென்று அடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஏற வந்தவர்கள் அடுத்த வண்டிக்குப் போனார்கள். ஏறினவர்கள் இறங்கும்போது நனைந்த தோளைக் காட்டிக்காட்டித் திட்டினார்கள். அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கச் சட்டை மட்டும் பிழிகிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் இன்று அவர்கள் இந்த வேலையில் உட்கார்ந்தது மழைக்காக மட்டும் இல்லை. வண்டி அவள் அண்ணன் பேரில் இருந்தது. நிலையான சம்பளம் இல்லாத டிரைவருக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள் என்பதால், ஆபீஸில் வேலை பார்க்கிற அண்ணன் தன் பேரில் வாங்கிக் கொடுத்திருந்தார். ஓட்டுவதும் தவணை கட்டுவதும் இவர்கள். பேர் மட்டும் அவருடையது. எல்லாத் தவணையும் முடிந்ததும் பேரை மாற்றிக்கொடுத்துவிடுவதாகப் பேச்சு. மாதம் பிறந்தால் முதலில் அண்ணன் கைக்குத்தான் பணம் போகும். வீட்டு வாடகைகூட அதற்குப் பிறகுதான். அவள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, பக்கத்துத் தெருப் பெண்களின் துணியெல்லாம் வாங்கித் தைத்து, ஒருவழியாகப் போன மாதத்தோடு அந்தக் கடைசித் தவணையும் தீர்ந்தது.

போன வாரம் அண்ணனே வீடு தேடி வந்தார். "பேரு மாத்தறதுக்கு முன்னாடி ஆளுங்க வந்து வண்டியப் பார்ப்பாங்க மாப்ளே. கண்ணாடி இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. மெக்கானிக்கிட்ட விட்டா இழுத்தடிப்பான். எதுக்கு? என் தங்கச்சி தையல் மெஷின் மோட்டாரையே பிரிச்சு மாட்டறவளாச்சே!" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு அந்தத் தட்டு இனித்தது.

மோட்டாரைத் தையல் மெஷின் மேஜையில் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து, கரித்தூளும் கிரீஸும் சேர்ந்து களியாகிக் கிடந்தன. இரண்டு கரித்துண்டுகளும் தங்கள் குழியிலேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. கரி போய் உருளையைத் தொட்டால்தான் கரண்ட் பாயும், மோட்டார் சுற்றும். அவள் மெஷினிலும் அதே கதைதான். இது கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

"பார்த்தீங்களா, செத்துப் போகல. அடைச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப புதுசு வாங்க வேணாங்கறே?"

"புதுசாம்ல புதுசு! பெட்ரோல் கொஞ்சம் கொண்டாங்க. உப்புத்தாளும் கொண்டாங்க."

பெட்ரோலில் கழுவி, உருளையை உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளிச்சென்று வரும்வரைக்கும் டிரைவர் விடவில்லை. சிக்கல் மாட்டும்போதுதான் வந்தது. கரியை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் அதை வெளியே துப்பியது. ஒன்றைப் பிடித்தால் மற்றது எகிறியது. ஒரு தடவை மேஜைக்கு அடியில் போய் விழுந்து, இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். அதற்கப்புறம் டெய்லரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கெட்டி நூலாக ஒரு கண்டு எடுத்தாள். இரண்டு கரியையும் குழிக்குள் அழுத்தி, நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள். உருளை உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரு முனையைக் கத்தரித்து நூலை உருவினாள். இரண்டு பக்கமும் 'டக்' என்று கரி போய் ஒட்டிக்கொண்டது.

"அடி சக்கை!" என்றார் டிரைவர். "உன்னக் கட்டினதுக்குப் பதிலா உன்கிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவள் கை மறுபடி கதவுக்குள் போனது. இந்தத் தடவை கட்டுப் போட்ட துணியோடு போனதால் இன்னும் இறுக்கம். போல்ட்டுகளைத் தடவித் தடவி முடுக்கினாள். வயர் முனை பச்சை பூத்துப் போயிருந்ததால் டிரைவர் அதை வெட்டி எறிந்துவிட்டு, நுனியைச் சீவி முறுக்கி ஒட்டினார். டேப்பைப் பிய்த்தார்கள். சாவியைத் திருப்பி, ஏறுகிற பொத்தானை அழுத்தினார். கண்ணாடி கம்பீரமாகக் கீழே இறங்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்குகிற பொத்தானை அழுத்தினார். ஜம்மென்று மேலே ஏறியது.

"வயரத் தலைகீழா முறுக்கிட்டீங்க!"

"அழுக்குல ரெண்டும் ஒரே கலராத் தெரிஞ்சுது, நான் என்ன பண்ணட்டும்?"

"இப்படியே விட்டுருங்க. திருடன் வந்தா குழம்பிப் போவான்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண், "என்ன டெய்லரம்மா, புருஷன் பொண்டாட்டிக்கு இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள். "லீவில்லக்கா, வண்டி எங்க பேருக்கு வருது!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இவள் சொன்னாள்.

வயரை மாற்றி முறுக்கி, உள்பக்க அட்டையைத் தட்டி மாட்டி, கதவை ஈரத்துணியால் துடைத்தும் ஆயிற்று. கண்ணாடி ஏறியது, இறங்கியது. சத்தமே இல்லை. டிரைவர் சின்னப் பிள்ளை மாதிரி அதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அவள்தான் அதட்டி நிறுத்தினாள்.

மதியத்துக்குப் பிறகு அண்ணன் வந்தார். கூடவே ஒரு நடுத்தர வயதுக்காரரும் அவர் மனைவியும். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில், மூக்குக் கண்ணாடி அணிந்து, பார்த்தாலே பெரிய வேலையில் இருப்பவர் என்று தெரிந்தது. பேர் மாற்றும் ஆபீஸிலிருந்து வருகிறவர் என்று டெய்லரம்மா நினைத்தாள். மனைவியையும் அழைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்களா என்று ஒரு கணம் தோன்றியது. வருகிற வழியில் சேர்ந்து வந்திருப்பார்கள் என்று அதை ஒதுக்கிவிட்டு, டீ போட உள்ளே ஓடினாள். அண்ணன் வரும்போது வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட்டையே பிரித்துத் தட்டில் வைத்தாள்.

வெளியே கண்ணாடிக்காரர் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். டிரைவர் முன்னால் போய்த் தானாகவே பானெட்டைத் திறந்து காட்டினார். ஆயில் மாற்றியது, பெல்ட் மாற்றியது, வண்டியை ஒரு நாளும் வெயிலில் விடாதது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் பானெட்டை மூடினார். எல்லாம் பிடித்துப்போனால் கையெழுத்துச் சீக்கிரம் கிடைக்கும் அல்லவா.

"கண்ணாடி ரிப்பேர்னு சொன்னீங்களே?" என்று அவர் அண்ணனைக் கேட்டார்.

"நீங்களே அழுத்திப் பாருங்க சார்."

அவர் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து அழுத்தினார். ஏறியது, இறங்கியது.

"வழவழன்னு போகுதே!"

"சொன்னேன்ல சார்? என் தங்கச்சி கைவேலை. இனி அது பாட்டுக்கு ஓடும்." அண்ணன் இவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். டீத்தட்டோடு வந்துகொண்டிருந்த டெய்லரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கட்டுப் போட்ட கையைத் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் பரவால்லங்க. இந்த சீட் கவரத்தான் மொதல்ல கழட்டிப் போடணும். பூப்போட்டது நமக்குச் சரிப்படாது."

அது டெய்லரம்மா தைத்த கவர். டிரைவர் முதுகு வியர்க்குமே என்று பருத்தித் துணியாகத் தேடித் தைத்தது. ஆபீஸ்காரர் பெண்டாட்டிக்கு எங்கள் சீட் கவரில் என்ன வந்தது என்று முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நொடிதான் அந்த 'நமக்கு' காதில் ஏறியது. தட்டை அப்படியே வண்டியின் பானெட் மேல் வைத்தாள்.

"அண்ணே. இவங்க யாரு?"

"உள்ள வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு."

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்து வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். டிரைவரும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"கத்தாத. மாடி கட்ட ஆரம்பிச்சு பாதியில நிக்குது, உனக்கே தெரியும். கம்பி துருப் புடிக்குது. எனக்கு வேற வழி தெரியல. என் பேர்ல சட்டுன்னு விக்க முடிஞ்சது இது ஒண்ணுதான்."

"உன் பேர்லயா? மாசா மாசம் நாங்க கட்டினது?"

"ஓட்டினீங்கள்ல? வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டியிருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா? அப்படி நெனச்சுக்க. இத்தன நாள் இத வச்சுத்தானே சாப்பிட்டீங்க."

"அடப்பாவி!" என்றாள் அவள். அண்ணனைப் பார்த்து அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

டிரைவர் மெல்லத்தான் பேசினார். "மச்சான், பேரு மாத்தித் தரேன்னீங்களே. அதுக்குன்னுதானே கண்ணாடியச் சரி பண்ணச் சொன்னீங்க."

"கண்ணாடி இல்லாம எப்படி மாப்ளே விக்கறது?"

அதைச் சொல்லும்போது அண்ணனுக்கு முகம் கொஞ்சமும் மாறவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பிறகு குரலைத் தணித்து, "உங்களத் தெருவுல விட்டுடுவேனா? இவருக்கு ஆபீஸ் போக வர டிரைவர் வேணுமான்னு கேட்டுப் பார்க்கறேன். தெரிஞ்ச வண்டி, உங்களுக்கும் கை பழகினது" என்றார்.

டிரைவர் அவளைப் பார்த்தார். வண்டி வாங்கின புதிதில், மச்சானிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். கூடப் பிறந்தவனிடம் கையெழுத்து கேட்பீர்களா, நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன் என்று கேட்டு, இரண்டு வேளை பட்டினி கிடந்தாள். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போதும் எடுக்கவில்லை. அவர் பார்வையில் குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை, அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

அவள் விறுவிறுவென்று வண்டிக்குப் போனாள். கண்ணாடிக்காரர் இறங்கி நின்றிருந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சாவியை உருவி எடுத்து மடக்கிக்கொண்டாள்.

"இது எங்க வண்டிங்க. எங்க உழைப்புங்க. தெருவுல யாரை வேணா கேளுங்க. வாங்காதீங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு மூன்று முகங்கள் சேர்ந்திருந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரர் சங்கடத்தோடு அண்ணனைப் பார்த்தார். "என்னங்க இது? பிரச்சினை ஏதாவதுன்னா எங்களுக்கு வேணாம். குடுத்த அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஒரு பிரச்சினையும் இல்ல சார். வண்டி யார் பேர்ல இருக்குன்னு நீங்கதான் பார்த்தீங்களே. கூட வச்சுப் பழகிட்டாங்க, விட மனசு வரல. பொம்பளைங்க அப்படித்தானே." பிறகு இவளிடம், "சாவியக் குடும்மா" என்றார்.

"குடுக்க மாட்டேன்."

"குடுன்னு சொல்றேன்ல."

"கைய வெட்டிட்டு எடுத்துக்கோங்க."

பிறந்ததிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்ட அண்ணனை அவள் மரியாதை போட்டுப் பேசியது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு சாவியை எடுத்தார். வண்டி வாங்கிய அன்றே கம்பெனியில் கொடுத்த இரண்டாவது சாவி. ஒரு தடவைகூட வண்டியில் நுழையாதது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. உறையைப் பல்லால் கிழித்து, சாவியைக் கண்ணாடிக்காரர் கையில் வைத்தார்.

"அது கிடக்கட்டும் சார். வேற ஒண்ணு அடிச்சுக்கலாம்."

டெய்லரம்மாவின் மடக்கிய கை மடக்கியபடியே இருந்தது. காயத்தில் கட்டியிருந்த துணி மறுபடி சிவந்துகொண்டு வந்தது. அழக் கூடாது, இந்த ஆள் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகை அவளைக் கேட்டுக்கொண்டா வரும்.

அண்ணன் பானெட் மேலிருந்த டீத்தட்டை எடுத்துச் சுவரோரம் வைத்தார். ஒரு வாய்கூட யாரும் குடிக்கவில்லை. கண்ணாடிக்காரர் உட்கார, மனைவி பக்கத்தில் ஏற, வண்டி கிளம்பியது. டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த கைகளை முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

தெரு குறுகல். திருப்ப இடமில்லை; கடைசி வரை பின்னாலேயேதான் போக வேண்டும். ஒரு பக்கம் விளக்குக் கம்பம், மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற வீட்டுப் படிகள். டிரைவர் அதை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போவார். கண்ணாடிக்காரருக்கு வண்டி புதிது, தெருவும் புதிது. பின்னால் போய் நின்றுகொண்டு அண்ணன், "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கத்தினார். வண்டியின் பின்மூலை நேராகக் கம்பத்தைப் பார்த்துப் போனது.

"நிறுத்துங்க!"

டிரைவர்தான். எப்போது எழுந்தார், எப்போது ஓடினார் என்று டெய்லரம்மாவுக்கே தெரியவில்லை. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

"முன்னால கொஞ்சம் எடுங்க. போதும். இப்ப லெஃப்ட்ல ஒடிங்க. ஒடிங்க ஒடிங்க. ம், நேராக்குங்க. வரட்டும்... வரட்டும்..."

"என்னங்க," என்றாள் டெய்லரம்மா. "விட்டுத் தொலைங்க. இடிச்சா இடிக்கட்டும்!"

அவர் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை. கண் முழுக்க வண்டியின் மூலையிலேயே இருந்தது. ஒரு படியைத் தாண்டியது, அடுத்த படியைத் தாண்டியது. உள்ளே அந்த அம்மா, புகையாக அடிக்கிறது என்று சொல்லியிருப்பார் போல. கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். டிரைவர் பக்கக் கண்ணாடி சத்தமே இல்லாமல் ஏறி மேலே போய்ப் பொருந்தியது. "ரைட்ல, ரைட்ல" என்று இவர் சொன்னது உள்ளே போகவில்லை, வண்டி தடுமாறியது. டிரைவர் வாயை மூடிக்கொண்டார். பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் உருவம் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்று, கையை மட்டும் அசைத்து அசைத்து, ஒரு கீறல் படாமல் வண்டியைத் தெருவை விட்டு வெளியே அனுப்பிவைத்தார்.